லெவி: வரியா, தண்டலா, அறவீடா?

சியாட்டல், பெல்வியூ, ரெட்மண்ட் எல்லாம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிங் கவுண்டிக்குள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வருகின்றன. வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழர்கள் அங்கே ஏராளம். அந்த மாநிலத்தில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். 2025 நவம்பர் சீட்டில் ஒரு கேள்வி இருந்தது. அவசர மருத்துவ சேவைக்கென்றே சொத்தின்மேல் வசூலிக்கும் 'லெவி' முடியப்போகிறது. 2026 முதல் 2031 வரை ஆறு ஆண்டுகளுக்கு, சொத்து மதிப்பில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் 25 சென்ட் அல்லது அதற்குக் குறைவாக வசூலிக்கலாமா? மக்கள் சரி என்றார்கள். 8 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 200 டாலர் வரும்.

இதைத் தமிழில் எழுதும்போது 'சொத்து வரி' என்று எழுதிவிட்டு நகரத்தான் கை போகும். அப்படி எழுதினால் விஷயத்தில் பாதி விட்டுப்போகிறது.

லெவி என்ற சொல் தமிழர் காதுக்குப் புதிதல்ல. நெல்லிலும் அரிசியிலும் ஒரு பங்கை அரசு தான் வைத்த விலைக்குக் கட்டாயமாக எடுத்துக்கொண்ட காலத்தில் அதற்கு 'லெவி' என்றுதான் பெயர். ரேஷன் கடைக்காக ஆலைகள் கொடுத்த 'லெவி சர்க்கரை' 2013 வரை இருந்தது. கம்யூனிஸ்ட் தோழர்கள் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்டுவதையும் லெவி என்றே சொல்வார்கள். ஆக, நம் காதில் இந்தச் சொல்லோடு 'கட்டாயம்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிங் கவுண்டி லெவியோ, கட்டப்போகிறவர்களே வாக்குப் போட்டுத் தங்கள்மேல் விதித்துக்கொள்வது.

வேரைப் பார்த்தால் லத்தீனில் 'லெவாரே' என்றால் தூக்குதல், உயர்த்துதல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நெம்புகோலுக்கான 'லீவர்', வெள்ளத்தைத் தடுக்க எழுப்பும் கரையான 'லெவீ', மாடிக்குத் தூக்கிப்போகும் 'எலிவேட்டர்' எல்லாம் ஒரே குடும்பம். ஆங்கிலத்தில் லெவி என்பது பணம் திரட்டுவதையும் குறித்தது, படை திரட்டுவதையும் குறித்தது. விவிலியத்தில் வரும் லேவியர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் மற்றக் குலத்தாரிடமிருந்து தசமபாகம் பெற்று வாழ்ந்தவர்கள் என்பதால் சம்பந்தம் இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

தமிழில் 'தண்டு' என்றால் படை. 'தண்டுதல்' என்றால் வசூலித்தல். இரண்டும் ஒரே வேரா என்பது வேறு கதை. ஆனால் லெவியின் இரண்டு பொருளும் ஒரே ஒலிக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

சரி, ஆம்புலன்ஸுக்கு எதற்குத் தனியாக வாக்கெடுப்பு? அமெரிக்காவில் 1960-களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களில் பாதிக்குப் பக்கம் இறுதிச்சடங்கு நிறுவனத்தார். ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோக அவர்களிடம்தான் நீளமான வண்டி இருந்தது. 1966-இல் தேசிய அறிவியல் கழகத்திலிருந்து வந்த அறிக்கை, விபத்தில் அடிபட்டவர்கள் எப்படிக் கவனிப்பாரற்றுப் போகிறார்கள் என்று போட்டு உடைத்தது. 1970-இல் சியாட்டல் தீயணைப்புத் துறைத் தலைவர் கார்டன் விக்கரியும் இதய மருத்துவர் லியனார்ட் காபும் சேர்ந்து 'மெடிக் ஒன்' சேவையைத் தொடங்கினார்கள். தீயணைப்பு வீரர்களுக்கே இதய சிகிச்சைப் பயிற்சி கொடுத்து, மாரடைப்பு வந்தவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அது. 1973-இல் மத்திய அரசு சட்டம் போட்டு நாடு முழுவதும் இப்படிப்பட்ட சேவைகளுக்குப் பணம் கொடுத்தது. 1981-இல் அந்தத் தனி நிதியை மற்ற சுகாதார நிதிகளோடு கலந்து மாநிலங்களிடம் தள்ளிவிட்டது. அப்புறம் உள்ளூர் பாடு உள்ளூரோடு.

காப்பீட்டிலும் ஒரு சிக்கல். முதியோருக்கான மெடிகேர், நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிப்போனதற்குத்தான் ஆம்புலன்ஸ் கட்டணம் தருகிறது. அழைப்பு வராத நேரத்தில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு யார் சம்பளம் தருவது? அந்த 'தயாராக இருப்பதற்கான' செலவைத்தான் லெவி சுமக்கிறது. கிங் கவுண்டி மக்கள் இதற்கு முதலில் வாக்களித்தது 1979-இல். 1997-இல் ஒருமுறை பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும், அன்று தேவைப்பட்ட 60 சதவீதம் வராமல் தோற்றது. அடுத்த ஆண்டு மறுபடி கேட்டு வாங்கினார்கள். சொத்து வரி எல்லாமே இப்படி மக்களிடம் வந்து நிற்பதில்லை, இந்த லெவி நிற்கிறது. எதற்கு, எத்தனை ஆண்டு, எவ்வளவுக்கு மேல் போகாது என்ற மூன்றும் இதன் சீட்டில் இருந்தன.

ஒஹாயோ, மிச்சிகன் பக்கம் போனால் இதையே 'மில்' கணக்கில் சொல்வார்கள். மிச்சிகனில் லெவிக்கே 'மில்லேஜ்' என்று பெயர். 'தீயணைப்புக்கு 2 மில்' என்று படித்தால் கோயம்புத்தூர்க்காரருக்குப் பஞ்சாலைதான் நினைவுக்கு வரும். லத்தீனில் 'மில்லே' என்றால் ஆயிரம். டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில். 1792-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் பழைய பின்னங்களில் மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்றுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அதனால் 'ஆயிரத்துக்கு ஒன்று' என்று நேராக எழுதுவதே நல்லது. ஒஹாயோவில் சந்தை மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் வரி என்பதால், லட்சம் டாலர் வீட்டுக்குப் புதிதாக வரும் 1 மில் 35 டாலர். மிச்சிகனில் அதிகபட்சம் 50 டாலர். மில் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இனி தமிழ்ச்சொல். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 'வரித்தண்டலர்' என்ற பதவி உண்டு. ஆகவே தண்டல் நல்ல சொல்தான். ஆனால் சென்னையில் தண்டல் என்றால் தினமும் வந்து வசூலிக்கும் வட்டிக்கடன். ஆம்புலன்ஸோடு அதைச் சேர்த்தால் விபரீதம். வீட்டு வரியோடு நாம் கட்டும் 'நூலக வரி' அமைப்பில் மிக நெருங்கியது: சொத்தை வைத்துக் கணக்கிட்டு, ஒரே வேலைக்கென்று ஒதுக்குவது. 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு யாரும் நம்மிடம் வாக்குக் கேட்கவில்லை, முடிவுத் தேதியும் கிடையாது.

இலங்கைத் தமிழில் 'அறவீடு' என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. கட்டணம் அறவிடுதல், வரி அறவிடுதல் என்று அலுவலகத்திலும் பேச்சிலும் சாதாரணமாக வரும். என் கட்சி இதுதான். 'அவசர மருத்துவ அறவீடு' என்றால் பொது வரியிலிருந்து தனியாக நிற்கிறது, வட்டிக்கடை வாசனையும் இல்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு முதல் தடவை மட்டும் 'அறவீடு, அதாவது லெவி' என்று சேர்த்து எழுதிவிட்டால் போதும்.

இன்னொன்று. சீட்டில் இருக்கும் '25 சென்ட் அல்லது அதற்குக் குறைவாக' என்ற தொடரை வெறும் '25 சென்ட் வரி' என்று சுருக்கக் கூடாது. முந்தைய அறவீடு 2020-இல் 26.5 சென்ட்டில் தொடங்கியது. வாக்கு இல்லாமல் மொத்த வசூலை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதத்துக்கு மேல் கூட்ட மாநிலச் சட்டம் விடாது. புதுக் கட்டடங்களுக்கு மட்டும் தனிக் கணக்கு. வீட்டு மதிப்பு அதைவிட வேகமாக ஏறியதால், காலம் முடிவதற்குள் விகிதம் 26.5-க்குக் கீழே இறங்கிவிட்டது. 'ஆயிரத்துக்கு 25 சென்ட்டுக்கு மிகாமல்' என்று எழுதினால் கணக்கு சரியாக இருக்கும்.