பாசிசம்: கட்டிவைத்த கோல்களிலிருந்து பிறந்த சொல்

நம் சிங்கப்பூரில் பாசிசம் என்ற சொல் இப்போது யார் மேல் வேண்டுமானாலும் விழுகிறது. இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை வாங்கி வைக்கும் அம்மா பாசிஸ்ட், வார இறுதி விடுப்பை ரத்து செய்யும் முகாம் சார்ஜண்ட் பாசிஸ்ட், வீட்டு வாசலில் செருப்பு அலமாரி வைக்காதே என்று கடிதம் போடும் நகர மன்றமும் பாசிஸ்ட். பள்ளி விவாதப் போட்டிகளிலும் கேட்கிறேன். "அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தாலே அது பாசிசம்தான்" என்று நன்றாகப் பேசும் பிள்ளைகளே ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள், எதிரணியில் இருப்பவர்களும் பாசிசம் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்பதில்லை. கேட்க வேண்டும். கண்டிப்புக்கெல்லாம் இந்தப் பெயரை வைத்துவிட்டால், பல லட்சம் பேரின் உயிரை வாங்கிய ஓர் ஆட்சிமுறையைச் சுட்ட நம்மிடம் பெயர் மிஞ்சாது.

சரி, சொல்லின் வேருக்குப் போவோம். லத்தீனில் ஃபாஸ்கிஸ் என்றால் கட்டு. அதன் பன்மை ஃபாஸ்கேஸ். பண்டைய ரோமில் உயர்பதவியில் இருப்பவர் நடந்து வரும்போது, பிரம்புகளைச் சேர்த்து வாரால் இறுக்கி, கூடவே ஒரு கோடரியையும் செருகி, அந்தக் கட்டைத் தோளில் சுமந்தபடி காவலர்கள் முன்னே போவார்கள். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் உயர் ஆட்சியாளரான கான்சலுக்கு 12 பேர். நெருக்கடி நேரத்தில் குறுகிய காலத்துக்கு நியமிக்கப்படும் டிக்டேட்டருக்கு 24 பேர். பிரம்பு அடிப்பதற்கு, கோடரி தலையை எடுப்பதற்கு. இவருக்கு இந்த இரண்டு அதிகாரமும் உண்டு என்று தெருவில் எல்லாருக்கும் காட்டுவதுதான் அந்த ஊர்வலத்தின் வேலை.

ஆனால் ரோம் நகரின் புனித எல்லைக்குள் நுழையும்போது கோடரியை எடுத்துவிட வேண்டும். மரண தண்டனை விதிக்கப்பட்ட குடிமகன் மக்கள் அவையிடம் முறையிடலாம் என்ற உரிமை அங்கே இருந்தது, அதனால் நகருக்குள் எந்த அதிகாரியும் தன் இஷ்டத்துக்கு ஒரு குடிமகனின் தலையை எடுக்க முடியாது, அதைக் காட்டத்தான் வெறும் பிரம்புக் கட்டு. வலேரியஸ் என்ற கான்சல் மக்கள் அவையின் முன் வந்தபோது அந்தக் கட்டையே தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார் என்று ரோமானியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். டிக்டேட்டருக்கு மட்டும் விலக்கு, அவருடைய காவலர்கள் நகருக்குள்ளும் கோடரியோடு வருவார்கள். தனிமனித உரிமைக்கும் அரசின் அதிகாரத்துக்கும் இடையிலான வழக்கு முழுவதும் இந்த ஒரு வழக்கத்துக்குள் இருக்கிறது. கோல் எல்லா ஆட்சியிலும் உண்டு. கோடரியை எடுத்து வை என்று அந்தக் கோலிடம் சொல்ல யாருக்காவது உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

லத்தீன் சொல் இத்தாலிய மொழியில் ஃபாஷோ ஆனது, பன்மையில் ஃபாஷி. ஒரே குச்சியை உடைத்துவிடலாம், கட்டை உடைக்க முடியாது என்று தகப்பன் பிள்ளைகளுக்குக் காட்டும் கதை நமக்கும் தெரியும்தானே, அந்தப் பொருளில்தான் சங்கங்களும் தங்களை ஃபாஷோ என்று அழைத்துக்கொண்டன. 1890களின் தொடக்கத்தில் சிசிலித் தீவின் விவசாயிகளும் தொழிலாளர்களும் நில உரிமையாளர்களுக்கு எதிராகக் கட்டிய சங்கங்களுக்கும் ஃபாஷி என்றே பெயர். 1894இல் இத்தாலிய அரசாங்கம் ராணுவத்தை அனுப்பி அவற்றை நசுக்கியது. அதாவது பின்னாளில் இத்தாலியை ஆண்ட முசோலினி கையில் எடுப்பதற்கு முன்பு இது ஏழைகளின் சொல்லாகவும் இருந்திருக்கிறது. 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரில் அவர் தன் போர்க்குழுக்களைத் தொடங்கியபோது இதே சொல்லை வைத்தார், அதிலிருந்து ஃபஷிஸ்மோ, ஆங்கிலம் வழியாக நம்மிடம் பாசிசம். 1926இல் அந்தக் கோல்கட்டு இத்தாலிய அரசின் சின்னமாகவே ஆனது, கோடரியோடு.

இத்தாலியில் தனிமனித உரிமை ஒரே நாளில் போகவில்லை. 1922 அக்டோபரில் முசோலினியின் கருஞ்சட்டைப் படையினர் ரோமை நோக்கிக் கிளம்பினார்கள், அரசர் முசோலினியையே பிரதமராக்கினார். 1923இல் ஒரு தேர்தல் சட்டம்: அதிக வாக்கு வாங்கும் கட்சி 25 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும், நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடம் அதற்கு. 1924 தேர்தலில் நடந்த அடிதடியையும் மோசடியையும் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னவர் சோசலிச உறுப்பினர் மத்தேயோத்தி. ஜூன் 10 அன்று அவரைக் கடத்திக் கொன்றார்கள். 1925 டிசம்பரில் வந்த சட்டப்படி முசோலினி நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அரசருக்கு மட்டும் சொன்னால் போதும். 1926இல் மற்றக் கட்சிகள் எல்லாம் கலைக்கப்பட்டன, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த்தலைவர்களின் இடத்தில் நியமிக்கப்பட்டவர்கள் வந்தார்கள், நாட்டைப் பாதுகாக்க என்று தனி நீதிமன்றம் வந்தது. நீதிமன்றமே இல்லாமல், ஒரு குழு முடிவெடுத்தால், ஒருவரை லிபாரி, உஸ்திகா போன்ற தீவுகளுக்கு ஐந்து வருடம் வரை அனுப்பிவிடலாம். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்ஷியை அந்த நவம்பரில் பிடித்தார்கள், உறுப்பினர் என்ற பாதுகாப்பு அவருக்கு உதவவில்லை. அடிதடி தெருவில் நடந்தாலும், இவற்றில் பெரும்பாலானவற்றைச் சட்டம் என்ற பெயரிலேயே செய்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இதன் பின்னால் இருந்த கொள்கையை முசோலினியே 1925இல் மிலானில் சொல்லிவிட்டார்: எல்லாம் அரசுக்குள்ளே, அரசுக்கு வெளியே எதுவும் இல்லை, அரசுக்கு எதிராக எதுவும் இல்லை. 1932இல் இத்தாலியக் கலைக்களஞ்சியத்துக்காக அவரும் மெய்யியலாளர் ஜென்டிலேயும் எழுதிய கட்டுரை இன்னும் வெளிப்படை. தனிமனிதரின் நலன் அரசின் நலனோடு ஒத்துப்போகும் அளவுக்குத்தான் தனிமனிதருக்கு இடம். உரிமை என்பது பிறப்போடு வருவதாக அங்கே இல்லை, அரசு பார்த்துக் கொடுத்தால் உண்டு.

ஜெர்மனியில் வேகம் இன்னும் அதிகம். 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, மறுநாளே ஓர் அவசர ஆணை பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடிதங்களின் இரகசியம், காரணமில்லாமல் கைதாகாத உரிமை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. ஹிட்லரின் ஆட்சி முடியும்வரை அந்த ஆணை விலக்கப்படவே இல்லை.

அப்படியானால் மக்களாட்சியில் அரசு நம்மைத் தொடவே கூடாதா? தொடுகிறது, தினமும் தொடுகிறது. வரி, இருக்கை வார், புகை பிடிக்கும் இடம், தேசிய சேவை. இதில் சிங்கப்பூர் பல நாடுகளைவிடக் கண்டிப்பு. ஆனால் எவ்வளவு கண்டிப்பு என்பதை வைத்து ஓர் ஆட்சி எந்த வகை என்று சொல்ல முடியாது. அந்தக் கண்டிப்புக்கு யார் பதில் சொல்ல வேண்டும், யாரிடம், எத்தனை நேரத்துக்குள் என்று பார்க்க வேண்டும்.

நேரம் என்று சும்மா சொல்லவில்லை. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, கைதான ஒருவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது. பாசிசத்திலிருந்து மீண்டு வந்த இத்தாலி 1948இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அரசமைப்பை எடுத்துப் பாருங்கள், 13ஆம் பிரிவு: நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலிஸ் பிடித்தால் 48 மணி நேரத்துக்குள் நீதித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அடுத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் அந்தக் கைது செல்லாது. தீவுக்கு அனுப்பப்பட்டவர்களின் நாடு அந்த எண்ணை எழுதிவைத்திருக்கிறது. சுதந்திரம் என்ற பெரிய சொல் ஒரு மனிதரின் வாழ்க்கையில் கடைசியில் இப்படி மணிக்கணக்காகத்தான் வந்து நிற்கும்.

நம் ஊரில் இதற்கு விலக்கும் உண்டு, அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒருவரை விசாரணையின்றி இரண்டு ஆண்டுவரை தடுத்து வைக்கலாம், பிறகு நீட்டிக்கலாம். ஓர் ஆலோசனைக் குழு பரிசீலிக்கும், ஆனால் அது நீதிமன்றம் ஆகாது. 1988 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சட்டம் தொடர்பான வழக்கில், எல்லா அதிகாரத்துக்கும் சட்ட எல்லை உண்டு, அதிகாரம் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்று நீதிமன்றம் பார்க்க முடிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, 1989 ஜனவரியில், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி நீதிமன்றம் பார்க்கக்கூடிய பரப்பைச் சுருக்கியது. நாட்டுக்கு ஆபத்து வரும்போது இது தேவை என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. நான் அந்தத் தீர்ப்பின் பக்கம். எல்லா அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொன்ன நாட்டில் அந்தத் திருத்தத்தைக் கேள்வி கேட்பது குடிமக்களின் வேலை, அதற்குப் பாசிசம் என்ற சொல்லைத் தூக்கி எறியவும் தேவையில்லை. கேட்பவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பதே இரண்டு ஆட்சிமுறைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடுகளில் ஒன்று.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு, யார் யாருக்கு அருகில் இருந்தார்கள் என்று பதிவு செய்த ட்ரேஸ்டுகெதர் செயலி. கொவிட் தொடர்புகளைத் தேட மட்டும்தான் அந்தத் தகவல் என்று சொல்லப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, குற்றவியல் விசாரணைக்கும் போலிஸ் அதை எடுக்க முடியும் என்று பதில் வந்தது. மக்களுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு சட்டம் வந்து, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. எனக்கு அந்த ஏழும் அதிகம். ஆனாலும் கேள்வியிலிருந்து சட்டத்துக்கு ஒரு பாதை இருந்தது.

இந்த இடத்தில் தமிழில் நாம் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள்: அரசு, அரசாங்கம். பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். அரசு என்பது நிலைத்திருப்பது, நீதிமன்றமும் நாடாளுமன்றமும் அரசமைப்பும் சேர்ந்த கட்டமைப்பு. அரசாங்கம் என்பது இப்போது அதை நடத்துபவர்கள். பாசிசம் முதலில் அழிப்பது இந்த வேறுபாட்டைத்தான். கட்சிதான் அரசாங்கம், அரசாங்கம்தான் அரசு, அரசுதான் நாடு என்று ஆகிவிட்டால், ஓர் அமைச்சரைக் குறை சொன்னவர் நாட்டுத் துரோகி ஆகிவிடுவார்.

சுதந்திரம் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு, அது சிங்கப்பூர்த் தமிழருக்கு நெருக்கமானது. 1943 ஜூலை 5 அன்று, ஜப்பான் பிடித்து வைத்திருந்த சிங்கப்பூரின் பாடாங் திடலில், சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டு டில்லிக்குப் புறப்படுவோம் என்று முழங்கினார். அணிவகுத்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம், தோட்டத் தொழிலாளர்களும் அந்தப் படையில் சேர்ந்தார்கள், பெண்கள் சேர்ந்தார்கள், அவர்களுடைய தாகம் உண்மையானது. அதே நகரத்தில், நடந்து போகும் தூரத்தில், ஸ்டாம்ஃபர்ட் சாலைக்கு அருகில் இருந்த பழைய ஒய்எம்சிஏ கட்டடத்தில், ஜப்பானிய ராணுவப் போலிஸ் கெம்பெய்தாய் மனிதர்களை வைத்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தது. அந்த ஆண்டில்தான் மலாயாத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதையில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டின் விடுதலையும் ஒரு மனிதரின் உரிமையும் ஒரே சொல்லுக்குள் இருந்தால் எவ்வளவு மறைந்துபோகும் என்பதற்கு அந்த ஜூலை மாதம் போதும். அதனால் நாட்டுக்கு விடுதலை, ஆளுக்குத் தன்னுரிமை என்று பிரித்து எழுதுவது எனக்குப் பிடிக்கிறது. சுதந்திரம் என்பதற்கே பழைய வழக்கில் பரம்பரை உரிமை, விளைச்சலில் ஒருவருக்குச் சேர வேண்டிய பங்கு என்ற பொருள்கள் இருந்தன, தமிழ் விவிலியத்தில் வரும் சுதந்தரித்துக்கொள்வார்கள் என்பதிலும் அதைப் பார்க்கலாம். யாரும் தயவில் கொடுப்பதாக இல்லாமல், நமக்கே உரியதாக.

அப்புறம், பாசிசத்துக்குத் தமிழ்ச் சொல் என்ன? சர்வாதிகாரம் என்று பலர் எழுதுகிறார்கள். அது ஓர் ஆளிடம் எல்லா அதிகாரமும் குவிவது. கொள்கையே இல்லாத ராணுவத் தளபதிகூடச் சர்வாதிகாரி ஆகலாம், அவர் பாசிசவாதியாக இருக்க வேண்டியதில்லை. எதேச்சாதிகாரம் என்பது இச்சைப்படி நடத்துவது, கேட்பாரற்ற அதிகாரம். அலுவலகத்தில் காரணம் சொல்லாமல் ஆட்டிப்படைக்கும் மேலாளருக்கு இந்தச் சொல் பொருந்தும்.

கொடுங்கோன்மை பற்றித்தான் நீண்ட நேரம் யோசித்தேன். கோல் என்ற அடிச்சொல்லே ரோமானியப் பிரம்புக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமாகவே குறளில் கொடுங்கோன்மை இருக்கிறது. "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு" என்கிறது 552ஆம் குறள். வேலோடு வழிமறித்துக் கொடு என்பவனும், கோலோடு நின்று கேட்கும் அரசனும் ஒன்று. அதிகாரத்தில் இருப்பவரின் வேண்டுகோளை வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ள முடியாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. ஆனால் கொடுங்கோலனுக்கு உன் பொருளும் உன் மௌனமும் போதும். பாசிசத்துக்கு உன் குரலும் வேண்டும். இத்தாலியில் வேலை முடிந்த பிறகான பொழுதுக்கு 1925இல் ஓர் அமைப்பு, சிறுவர்களுக்கு 1926இல் சீருடையோடு ஓர் அமைப்பு, 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று கட்டளை. சுமார் 1,200 பேரில் ஏறக்குறைய 12 பேர்தான் மறுத்தார்கள். வீட்டுக்குள், வகுப்பறைக்குள், விளையாட்டுத் திடலுக்குள் வந்து கைதட்டச் சொல்வது கொடுங்கோன்மை என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. வல்லாட்சி என்றாலும் அடங்காது.

ஆகவே பாசிசம் என்றே எழுதுங்கள். அது ஓர் இடத்தில், ஒரு காலத்தில் பிறந்த இயக்கத்தின் பெயர், பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஃபாசிசம், பாஸிசம், ஃபேசிசம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம், பாசிசம் என்பதே எளிது, பரவலாகவும் இருக்கிறது. ஆளைக் குறிக்கப் பாசிசவாதி, பேச்சில் பாசிஸ்ட், அடைமொழியாகப் பாசிச ஆட்சி, பாசிச இயக்கம். ஹிட்லருடையதற்கு நாசிசம் என்று தனிப்பெயர் உண்டு, இனக்கொள்கையே அதன் மையம் என்பதால் அதைக் கலக்காமல் எழுதுவது நல்லது. செருப்பு அலமாரிக் கடிதத்துக்கு, கெடுபிடி என்று ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.