எரியாத விளக்கு: பழைய சொகுசு காரின் மீட்டரும் ஸ்டியரிங்கும்

திருப்பூர்க்காரத் தம்பி ஒருவர் போன மழைக்காலத்தில் 2006 மாடல் ஜெர்மன் செடான் ஒன்றை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "அண்ணா, மீட்டர்ல கிலோமீட்டர் நம்பர் பாதி தெரியறதில்லைங்க. அப்புறம் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சா ஹாரன் அடிக்கறதில்லை. மத்தபடி வண்டி கண்ணாட்டம் இருக்குதுங்க" என்றார்.

உட்கார்ந்து சாவியைப் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்தேன். இந்தத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் எந்த வண்டி வந்தாலும் முதல் வேலை இதுதான். மீட்டரில் விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். பேட்டரி எரிந்தது. ஆயில் எரிந்தது. ஏபிஎஸ், என்ஜின், ஹேண்ட்பிரேக், சீட் பெல்ட், எல்லாம் எரிந்தன. ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவில்லை. ஆஃப் செய்து மறுபடி போட்டேன். மூன்று தடவை போட்டும் அந்த இடம் இருட்டாகவே இருந்தது.

"ஏர்பேக் லைட்டு எரியலையே தம்பி?"

"எரிஞ்சாத்தானேண்ணா பிரச்சினை?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இக்னிஷனை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து, பிறகு தானாக அணைய வேண்டும். அந்தச் சில விநாடிகளில் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் ஒயரிங்கையெல்லாம் ஒரு சுற்று சரிபார்த்துக்கொள்கிறது. எரிந்து அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் ஒன்று விளக்கு போயிருக்கிறது, அல்லது யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயிண்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஐந்து விநாடியைப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே என்ஜினை ஓடவிட்டு வைத்திருந்தால், அணைத்துவிட்டு நீங்களே சாவியைப் போடுங்கள்.

இந்த மாதிரி வண்டிகள் இப்போது நம் ஊரில் ஏராளம். மெர்சிடீஸ் 1995-இலேயே புனேயில் பாகங்களைப் பூட்டி இ-கிளாஸ் கார் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. 2007-இல் பிஎம்டபிள்யூ நம் சென்னைக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆலை திறந்தது. அன்றைக்கு முப்பது, நாற்பது லட்சத்துக்குப் போன வண்டி, பதினைந்து வயதாகும்போது புது ஹேட்ச்பேக் விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. ஆனால் விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். உதிரிபாகத்துக்கு இறங்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ஒட்டுவேலைகள் எல்லாம் நடக்கின்றன.

திருப்பூர் வண்டியின் மீட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரியைப் பார்த்தேன். பழைய சொகுசு காரில் டாஷ்போர்டு கோளாறு என்று வந்தால் முதலில் பேட்டரி, அடுத்து எர்த் (பேட்டரி மைனஸை பாடியோடு சேர்க்கும் இணைப்பு), அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். இரவு முழுக்க நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போய்விட்டால் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அது 9, 8 என்று விழும். அப்போது வண்டியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று பேச முடியாமல் ஆளுக்கொரு குறையைப் பதிந்துவிட்டு மீட்டரில் விளக்கைப் போடும். ஏபிஎஸ், ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காப்பது), ஏர்பேக், ஸ்டியரிங் என்று மீட்டரே கோயில் திருவிழா மாதிரி இருக்கும். பார்க்கிறவர் நாலு பெட்டியும் போச்சு என்பார். போனது பேட்டரி.

ஒரு டாக்டரம்மா வண்டி இப்படித்தான் வந்தது. வேறிடத்தில் மீட்டரையும் ஸ்டியரிங் காலம் (column, ஸ்டியரிங்கைத் தாங்கும் தண்டுப் பகுதி) முழுவதையும் மாற்றச் சொல்லி, லட்சத்தைத் தாண்டி எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைத்துப் பார்த்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அங்கே ஒன்றரை காட்டியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட் போட்டு, ஸ்கேனரில் பழைய கோளாற்றுக் குறியீடுகளை அழித்தேன். அவ்வளவுதான் வேலை. அந்த எஸ்டிமேட் தாளை அவர் என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். (பேட்டரி இறங்கிவிட்டதென்று வழியில் லாரிக்காரரிடம் ஜம்ப் கேபிள் கேட்காதீர்கள். லாரியில் 24 வோல்ட். அவர் உதவி செய்வார், உங்கள் மீட்டர் தாங்காது.)

திருப்பூர் வண்டியில் பேட்டரி, எர்த் இரண்டும் நன்றாக இருந்தன. ஆகவே மீட்டரைக் கழற்றினேன்.

அந்தக் காலத்து மீட்டர்களில் எண்கள் தெரியும் சின்னத் திரைக்கும் அதன் போர்டுக்கும் நடுவே மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். அதை ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். சூட்டில் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். நம் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கை வைக்க முடியாது, தெரியும்தானே? பதினைந்து கோடை அப்படி வெந்தால் ஒட்டு விடத் தொடங்கும். ஒரு வரிசை மறையும், பிறகு இரண்டு. காலையில் தெரிந்தது மதியம் தெரியாது, ஏசி போட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பி வரும். இப்படி வெப்பத்துக்கேற்ப வந்து போனால் கோளாறு அந்தப் பட்டையில்தான். பட்டையை மட்டும் மாற்றலாம், பொறுமை வேண்டும், அவ்வளவே.

இதற்குப் போய் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த மீட்டர் வேறொரு வண்டியின் கிலோமீட்டரைச் சுமந்துகொண்டு வரும். பல வண்டிகளில் அந்தக் கணக்கு இன்னொரு பெட்டியிலும் பதிந்திருக்கும், இரண்டும் ஒத்துப்போகாது. ஃபோக்ஸ்வேகன், ஆடி குடும்பத்துப் பழைய வண்டிகள் பலவற்றில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரே மீட்டருக்குள்தான் இருக்கிறது. மீட்டரை மாற்றினால் வண்டி உங்களையே திருடனாகப் பார்க்கும். நாளைக்கு விற்கும்போது கிலோமீட்டரைத் திருத்தினீர்களா என்ற கேள்விக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மீட்டரின் முன்பக்கத் தட்டைத் தூக்கியதும் விஷயம் வெளியே வந்தது. ஏர்பேக் படத்துக்குப் பின்னால் வெளிச்சம் வரும் குழி சுண்டுவிரல் நகம்கூட நுழையாத அளவு இருக்கும். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப், கத்தரியால் அளவெடுத்து வெட்டியது போல, நாலு மூலையும் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் கை தேர்ந்தவர், அதை மறுக்க முடியாது. அந்தத் திறமையோடு இன்னும் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் கோளாற்றையே கண்டுபிடித்திருப்பார். ஊசிமுனையால் டேப்பைத் தூக்கினேன். அடியில் விளக்கு நல்லபடியாகவே இருந்தது. இத்தனை நாளும் அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

டேப் யார் ஒட்டியது என்று தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏன் ஒட்டினார் என்பது ஹாரனிலேயே தெரிந்துவிட்டது.

ஸ்டியரிங் சுற்றுகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் காலம் சுற்றாமல் நிற்கிறது. சுற்றும் பொருளுக்கும் நிற்கும் பொருளுக்கும் நடுவே கரண்ட் போக வேண்டும். அதற்காக ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ரிப்பன் மாதிரிப் பட்டை ஒயரைச் சுருட்டி வைத்திருப்பார்கள். கடிகாரச் சுருள் போல இருப்பதால் கிளாக் ஸ்பிரிங் என்று பெயர். ஹாரன், ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்கள், டிரைவர் ஏர்பேக் எல்லாம் இந்த ஒற்றைச் சுருள் வழியாகத்தான் போகின்றன. ஆகவே ஒடிக்கும்போது மட்டும் ஹாரன் அடங்கினால், அதோடு பட்டன்களும் விட்டு விட்டு வேலை செய்தால், கரகரவென்று காகிதம் உரசும் சத்தம் கேட்டால், ஹாரனை மாற்றிப் புண்ணியமில்லை. அந்தச் சுருள் கிழிந்துகொண்டிருக்கிறது. ஹாரன் போகும் ஒயருக்குப் பக்கத்து ஒயர்தான் ஏர்பேக்குக்குப் போவது. ஹாரனுக்கு வந்தது அதற்கும் வந்திருக்கும்.

ஏர்பேக்கில் கை வைக்கும் முறையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே வீடியோ பார்த்து ஸ்டியரிங் கழற்றும் ஆட்களைப் பார்க்கிறேன். பேட்டரி மைனஸைக் கழற்றிய உடனே ஏர்பேக் செத்துவிடாது. விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டி கெபாசிட்டரில் கரண்டைச் சேமித்து வைத்திருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். நான் எதுவானாலும் கால் மணி நேரம் தொடமாட்டேன், டீ குடிக்கப் போய்விடுவேன். மஞ்சள் நிறக் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சொருகி) எங்கே தெரிந்தாலும் அது ஏர்பேக் ஒயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டெஸ்ட் லேம்பு வைக்கக் கூடாது. கழற்றிய ஏர்பேக்கின் முனைகளில் மல்டிமீட்டரும் வைக்கக் கூடாது. மின்தடையை (ஓம்) அளக்க மல்டிமீட்டர் அனுப்பும் சின்னக் கரண்டுகூட ஆபத்து. கழற்றியதை மேஜையில் வைக்கும்போது ஹாரன் முகம் மேலே பார்த்திருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால், வெடித்த நொடியில் அந்த உலோகப் பெட்டியே ராக்கெட்டாகும்.

டேப்பைவிட மோசமான ஒரு வேலையும் இருக்கிறது. ஏர்பேக் கப்ளரில் இரண்டு, மூன்று ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகிவிடுவது. கட்டுப்பாட்டுப் பெட்டி ஏர்பேக் இருப்பதாக நம்பிவிடும். விளக்கு முறையாக எரிந்து முறையாக அணையும், நான் மேலே சொன்ன ஐந்து விநாடிப் பரிசோதனையிலும் தேறிவிடும். உள்ளே ஏர்பேக் இருக்காது. விபத்தில் ஒருமுறை விரிந்த வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங் நடுமூடி ஒட்டியது போல இருந்தாலோ, அதன் நிறம் மற்ற பிளாஸ்டிக்கோடு ஒட்டாமல் இருந்தாலோ, கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியின் கோளாற்றுக் குறியீட்டைப் படிக்கும் ஆயிரம் ரூபாய் ஓபிடி ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜினோடு நின்றுவிடும், ஏர்பேக் பெட்டிக்குள் போகாது. அந்த மாடலுக்கான ஸ்கேனர் வேண்டும்.

பழைய ஏர்பேக்கை வாங்கி மாட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. தகாட்டா நிறுவனத்து ஏர்பேக்குகள் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். உள்ளே இருந்த அமோனியம் நைட்ரேட் வருஷக்கணக்காகச் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்து கெட்டுப்போய், விரியும் நேரத்தில் உலோகத் துண்டுகளை ஓட்டுபவர் மேல் வீசியது. பலர் இறந்தார்கள். 2017-இல் அந்த நிறுவனமே திவாலானது. சூடும் ஈரமும் சேர்ந்த ஊர்களில்தான் ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். நம் கடற்கரை ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை உண்டா? உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புதுப்பேட்டைக் குவியலில் கிடக்கும் ஏர்பேக் எந்த வண்டியில் இருந்தது, மழைவெள்ளத்தில் நனைந்ததா என்று எப்படித் தெரியும்?

ஸ்டியரிங் காலத்தில் இன்னொரு தலைவலி மின்சார ஸ்டியரிங் லாக். சாவியை எடுத்ததும் ஒரு குட்டி மோட்டார் காலத்துக்குள் இரும்பு நாக்கைத் தள்ளிப் பூட்டும். சாவியைப் போட்டதும் இழுத்துக்கொள்ளும். நாக்கு காலத்தை விட்டு விலகிவிட்டது என்று உறுதியான பிறகே வண்டி இக்னிஷன் கொடுக்கும். வருஷங்கள் போனால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேயும். ஒருநாள் சாவியைப் போட்டால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை, வண்டி கல்லாய் நிற்கும். அது முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. சாவி போடும்போது வழக்கமாகக் கேட்கும் 'ஸ்ஸ்க்' சத்தம் ஒருநாள் தாமதமாகும், இன்னொரு நாள் இரண்டாவது முறையில்தான் வரும். அந்தக் கட்டத்தில் வந்துவிட்டால் வேலை சின்னது. பூட்டிய நிலையில் செத்துவிட்டால் காலத்தையே கழற்ற வேண்டியிருக்கும். லாக் நன்றாக இருப்பதாக வண்டியை நம்பவைக்கும் எமுலேட்டர் கிடைக்கிறது. அதை மாட்டுபவர் உள்ளே இருக்கும் நாக்கை முழுசாக எடுத்துவிட்டாரா என்று கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஓடும் வண்டியில் அது நகர்ந்தால் என்னாகும் என்று விவரிக்கத் தேவையில்லை.

திருப்பூர் வண்டிக்குப் புது கிளாக் ஸ்பிரிங் வர ஒன்பது நாள் ஆனது. மாட்டும்போது முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், சுருளும் நடுநிலையில் இருக்க வேண்டும். நடுநிலை தவறினால் ஒரு பக்கம் முழுசாக ஒடிக்கும்போது புதுசும் கிழியும். பழைய சுருளும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்: யாரோ சஸ்பென்ஷன் வேலைக்குக் காலத்தின் ஜாயிண்டைக் கழற்றி, ஸ்டியரிங்கைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். அது தன்பாட்டுக்குச் சுற்றியிருக்கிறது. மாட்டிய பிறகு, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் சென்சாருக்கு ஸ்கேனரில் நடுப்புள்ளி காட்டிக் கொடுத்தேன். அதை விட்டால் ஈஎஸ்பி விளக்கு அணையாது. மீட்டர் பட்டையும் மாற்றியாகிவிட்டது.

வண்டியை எடுக்க வந்த தம்பியையே உட்காரவைத்து இக்னிஷனை ஆன் செய்யச் சொன்னேன். கிலோமீட்டர் எண்கள் முழுசாகத் தெரிந்தன. ஹாரனை இரண்டு பக்கமும் ஒடித்து ஒடித்து அடித்துப் பார்த்தார். அப்புறம்தான் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"அண்ணா, சிவப்பா ஒண்ணு எரியுதுங்க. இது முன்னாடி இல்லியே..."

சொல்லி முடிப்பதற்குள் அது அணைந்துவிட்டது.