கண்குழி எலும்பு உடைஞ்சா டாக்டருக்கு வழி காட்டுற நேவிகேஷன்

பைக்ல இருந்து விழுந்தோ பந்து பட்டோ முகத்துல பலமா அடி வாங்குனா கண்குழியோட தரை எலும்பு ஈசியா உடைஞ்சிடும், ஏன்னா அது பல இடத்துல ஒரு மில்லிமீட்டர் கூட தடிமன் இல்லாத அப்பளம். உடைஞ்சதும் கண்ணைச் சுத்தி இருக்கற கொழுப்பு கீழ சைனஸுக்குள்ள (கன்னத்து எலும்புல இருக்கற காத்தறை) இறங்கி, கண்ணு உள்வாங்கிடும், சிலருக்கு எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியும். ஆபரேஷன் தேவைப்பட்டா பெரும்பாலும் டைட்டானியம் மெஷ் (வலை மாதிரி தகடு) வச்சு மூடுவாங்க. ஆனா கீழ் இமை வழியா அந்த இடுக்குல வேலை பாக்கறப்ப குழியோட பின்கோடி சரியா தெரியாது, விளிம்புல இருந்து சுமார் 4 சென்டிமீட்டர்ல பார்வை நரம்பு வேற இருக்கு.

அதுக்குத்தான் நேவிகேஷன், அதாவது டாக்டரோட கருவி நுனி இப்ப எங்க இருக்குன்னு ஸ்கேன் படத்து மேல காட்டற ஏற்பாடு. ஐடியா மூளை ஆபரேஷன்ல இருந்து வந்தது, 1986-லயே அமெரிக்காவுல டேவிட் ராபர்ட்ஸ் டீம் மைக்ராஸ்கோப் இருக்கற இடத்தை ஒலி வச்சு கண்டுபிடிச்சு சிடி ஸ்கேன் படத்தோட இணைச்சாங்க. இப்போ பெரும்பாலும் இன்ஃப்ராரெட் கேமரா. முதல்ல மெல்லிசான ஸ்லைஸா சிடி எடுத்து, அடிபடாத பக்கத்தை இடம் வலமா திருப்பி உடைஞ்ச பக்கம் மேல போட்டா மெஷ் எங்க உக்காரணும்னு தெரிஞ்சிடும் (ரெண்டு பக்கமும் உடைஞ்சிருந்தா இது உதவாது). தியேட்டர்ல நோயாளியோட மண்டையிலயும் டாக்டர் கையில இருக்கற ப்ரோப்லயும் (தொட்டுக் காட்டற குச்சி) குட்டிக் குட்டி பளபள உருண்டைங்க இருக்கும், கேமரா பாக்கறது அதை மட்டும்தான்.

அப்போ முகம் எங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ரெஜிஸ்ட்ரேஷன்! என்னைக் கேட்டா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. ஸ்கேன்ல தெரியற அதே புள்ளிகளை நிஜத்துல ப்ரோப்பால தொட்டுக் காட்டணும், சாப்ட்வேர் ரெண்டையும் பொருத்திக்கும். தோலை நம்பினா வீக்கம் ஏமாத்திடும், அதனால பல்லுல மாட்டற ஸ்ப்ளின்ட் (பல்லு அச்சுல செஞ்ச தகடு), இல்லேன்னா எலும்புல போட்ட ஸ்க்ரூ, இதுங்களைத்தான் புள்ளியா வச்சுக்குவாங்க. ஸ்க்ரீன்ல "எர்ரர் கம்மி"ன்னு வந்தாலும் அது தொட்ட புள்ளிகளோட கணக்குதான், எல்லா புள்ளியும் முகத்தோட முன்பக்கமே இருந்தா உள்ள போகப் போக பிழை கூடும். அதான் டாக்டர் ஒரு பல்லு நுனியைத் தொட்டு ஸ்க்ரீன்லயும் அங்கயே காட்டுதான்னு செக் பண்ணிக்குவார். எல்லாம் சரியா இருந்தாலும் பொதுவா 1-2 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், நரம்பு பக்கத்துல அது சின்ன விஷயம் இல்ல.

கீழ்த்தாடைக்கு இது அவ்வளவு ஒத்துவராது, அது தனியா அசையுதே, அதுக்குன்னு தனி ட்ராக்கர் (கேமரா பாக்கற அந்த உருண்டைங்க) வேணும். இன்னொன்னு, ஸ்க்ரீன்ல தெரியறது பழைய ஸ்கேன், இப்ப வச்ச மெஷ் அதுல இருக்காது, ப்ரோப்பை மெஷ் மேல ஓட்டி ஓட்டித்தான் ப்ளானோட ஒத்துப் பாக்கணும். அதனால சில இடங்கள்ல தியேட்டர்லயே சிடி மெஷின் வச்சிருக்காங்க, தையல் போடறதுக்கு முன்னாடி எடுத்துப் பாத்து மெஷ் சாஞ்சிருந்தா அப்பவே மாத்தி வச்சிடலாம்.