14 கோப்பைகளுக்கு முன்னால், நடால் ஆடாமல் விட்ட இரண்டு பிரெஞ்சு ஓபன்கள்

விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். டென்னிஸ் ஆடும் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வரும் பெற்றோரும் என்னிடம் அதிகம் வருவார்கள். பேச்சில் தவறாமல் வரும் பெயர், பாரிஸில் களிமண் தளத்தில் நடக்கும் பிரெஞ்சு ஓபனை 14 முறை வென்ற ரஃபேல் நடால். "அவர் காலில் ஊசி போட்டுக்கொண்டே பிரெஞ்சு ஓபன் ஜெயித்தார், இவன் குதிகால் வலிக்குதுன்னு பயிற்சிக்கே போக மாட்டேங்கிறான்" என்பார்கள். இப்படிச் சொல்லும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை மேலே வர வேண்டும் என்ற ஆசைதான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் அவர்கள் சொல்வது 36 வயது நடாலின் கதை. எதிரே உட்கார்ந்திருப்பதோ வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு உடம்பு. அந்தப் பிள்ளைக்குப் பொருந்துவது 17 வயது நடாலின் கதை.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், மனகோர் என்ற ஊரில் 1986 ஜூன் 3 அன்று பிறந்தவர் அவர். தந்தையின் சகோதரர் டோனிதான் சிறுவயதிலிருந்தே பயிற்சியாளர். இன்னொரு சகோதரர் மிகேல் ஆங்கெல், பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஆடிய கால்பந்து வீரர். அந்த வீட்டில் பந்து எப்போதும் உருண்டுகொண்டிருந்திருக்கும். நடாலும் 12 வயது வரை டென்னிஸோடு கால்பந்தும் ஆடினார். படிப்பு கெடுகிறதே என்று தந்தை சொன்ன பிறகுதான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 14 வயதில் பார்சிலோனாவுக்கு வந்து பயிற்சி எடுக்கச் சொல்லி ஸ்பெயின் டென்னிஸ் கூட்டமைப்பு கேட்டபோது, படிப்பை மனதில் வைத்துக் குடும்பம் மறுத்துவிட்டது. இதை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். ஏழு, எட்டு வயதிலேயே மற்ற விளையாட்டுகளை எல்லாம் நிறுத்திவிட்டு ஒரே ஆட்டத்தில் பிள்ளையை இறக்கினால்தான் சாம்பியன் ஆவான் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. களிமண் தளத்தில் உலகமே பார்த்திராத சாதனையைச் செய்தவர் அப்படி வளரவில்லை.

அதன் பிறகு வந்த வேகம் அசாத்தியமானது. 2002-ல், 15 வயதில், சொந்தத் தீவில் நடந்த போட்டியில், ஏடிபி எனப்படும் ஆண்கள் தொழில்முறை டென்னிஸில் முதல் வெற்றி. அடுத்த வருடம் மான்டி கார்லோவில் நடப்பு பிரெஞ்சு ஓபன் சாம்பியன் ஆல்பர்ட் கோஸ்டாவைத் தோற்கடித்தார். அந்தப் பையன் பாரிஸில் என்ன செய்யப் போகிறான் என்று பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள். முழங்கை காயம். 2003 பிரெஞ்சு ஓபனில் அவர் ஆடவில்லை. அடுத்த வருடமும் அதே காத்திருப்பு. இடது கணுக்காலில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்து 2004 பிரெஞ்சு ஓபனும் போயிற்று, விம்பிள்டனும் போயிற்று.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்றதும், விழுந்து உடைந்த எலும்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஓடுவது, குதிப்பது, சட்டென்று நின்று திரும்புவது என்று ஒரே மாதிரியான சுமை திரும்பத் திரும்ப விழும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு சேதங்கள் உண்டாகும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஓய்வு கிடைத்தால் உடல் அவற்றைச் சரிசெய்து எலும்பை இன்னும் உறுதியாக்கிக்கொள்ளும். சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த சுமை வந்து விழுந்துகொண்டே இருந்தால், சேதம் சேர்ந்து சேர்ந்து விரிசலாகிவிடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள்" என்று சொல்லி இன்னும் ஒரு மாதம் ஆடிவிட்டு, நொண்டிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பல எலும்புகளில் 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். பாதத்தின் நடு எலும்பு போன்ற சில இடங்களில் இன்னும் பொறுமை வேண்டும். நிறுத்தாமல் ஆடினால் முழு முறிவாகி, அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம்.

நடாலுக்கு அந்த ஓய்வு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 18 கூட நிரம்பவில்லை. அவ்வளவு எதிர்பார்ப்பு இருந்தும், கணுக்காலைக் கட்டிக்கொண்டு பாரிஸில் இறங்கிவிடவில்லை. அதே 2004 ஆகஸ்டில் போலந்தின் சோப்போட்டில் முதல் ஏடிபி கோப்பை. டிசம்பரில் செவில் நகரில் நடந்த, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில், அப்போது உலகின் இரண்டாம் நிலை வீரராக இருந்த ஆண்டி ராடிக்கைத் தோற்கடித்தார்.

அப்புறம் 2005. மான்டி கார்லோ, பார்சிலோனா, ரோம் என்று வரிசையாக மூன்று கோப்பைகளோடு பாரிஸுக்கு வந்தார். தன் 19-வது பிறந்த நாளன்று அரையிறுதியில் ரோஜர் ஃபெடரரை வென்றார். இறுதிப் போட்டியில் மரியானோ புயர்த்தாவிடம் முதல் செட்டை டை பிரேக்கரில் இழந்தும் 6-7, 6-3, 6-1, 7-5 என்று கோப்பையை எடுத்தார். முதல் முறை ஆடும்போதே பிரெஞ்சு ஓபனை வெல்வது, 1982-ல் மேட்ஸ் விலாண்டருக்குப் பிறகு ஆண்களில் யாரும் செய்யாதது.

அன்று தொடங்கியதன் கணக்கைப் பார்த்தால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. 2005 முதல் 2008 வரை நான்கு, 2010 முதல் 2014 வரை ஐந்து, 2017 முதல் 2020 வரை நான்கு, 2022-ல் ஒன்று. மொத்தம் 14 கோப்பைகள். ஆடிய 116 ஆட்டங்களில் 112 வெற்றி, 4 தோல்வி. இறுதிப் போட்டிக்கு வந்த 14 முறையும் ஜெயித்தார். 2008, 2010, 2017, 2020 ஆகிய நான்கு வருடங்களில் ஒரு செட் கூட இழக்கவில்லை. ஐந்தாவது செட் வரை அவரை அங்கே இழுத்துச் சென்றவர்கள் 2011-ல் ஜான் இஸ்னர், 2013-ல் ஜோகோவிச், 2022-ல் ஆஜே அலியாசிம் என்று மூன்றே பேர். மூன்றிலும் நடாலுக்கே வெற்றி. தோற்கடித்தவர்களும் மூன்றே பேர்தான்: 2009-ல் ராபின் சோடர்லிங், 2015-லும் 2021-லும் ஜோகோவிச், 2024-ல் ஸ்வெரெவ்.

ஏன் பாரிஸ் மட்டும் இப்படி? செங்கல் தூள் தூவிய அந்தத் தளத்தில் பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்பும். நடாலின் இடது கை ஃபோர்ஹேண்டில் டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழல வைப்பது, கடுமையானது. அந்தச் சுழற்சி களிமண்ணில் பட்டு எழும்பும்போது, எதிரே இருக்கும் வலது கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் தோளுக்கு மேலே போய்விடும். ஒற்றைக் கையில் பேக்ஹேண்ட் அடித்த ஃபெடரர் அங்கே பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்குள்ள முதன்மை மைதானமான ஃபிலிப் ஷாத்ரியேயில் கோட்டுக்குப் பின்னால் இடமும் தாராளம், எவ்வளவு பின்னால் போனாலும் பந்தை எட்டிவிடலாம். என் துறைக்கு நெருக்கமான இன்னொன்று, சறுக்கல். கடினத் தளத்தில் கால் சட்டென்று பிடித்து நிற்கும், அந்த அதிர்ச்சி முழுவதும் கணுக்காலிலும் முழங்காலிலும் இறங்கும். களிமண்ணில் கால் சறுக்கியபடி நிற்பதால் அதே விசை கொஞ்சம் நீண்ட நேரத்தில் பரவிப் போகும். ஆனால் பாயிண்டுகள் நீளும், ஆட்டமும் மணிக்கணக்கில் போகும். அதனால் தளம் மென்மையானது என்று சொல்லிப் பயிற்சி நேரத்தைக் கூட்டிவிடக் கூடாது.

2005 கடைசியில், மாட்ரிட் இறுதிப் போட்டியோடு இடது பாதத்தில் வலி கடுமையானது. பாதத்தின் நடுவில் உள்ள ஒரு சின்ன எலும்பு சிதைந்துபோகும் முல்லர்-வைஸ் என்ற அரிய நோய் என்று கண்டுபிடித்தார்கள். 2006 ஆஸ்திரேலிய ஓபனை விட்டார். தனியாக வடிவமைத்த உள்ளங்கால் திண்டு வைத்த காலணியோடு திரும்பி வந்தார். பாதத்தில் விழும் சுமையை மாற்றினால் அது வேறு எங்காவது போய்த்தான் சேரும், முழங்காலோ இடுப்போ முதுகோ. அவர் வாழ்க்கை முழுவதும் முழங்கால் பிரச்சினை கூடவே வந்தது. 2009-ல் பாரிஸில் தோற்ற கையோடு, நடப்புச் சாம்பியனாக இருந்தும், முழங்காலுக்காக விம்பிள்டனை விட்டுக்கொடுத்தார். 2012 விம்பிள்டனுக்குப் பிறகு சுமார் ஏழு மாதம் ஆடவே இல்லை. திரும்பி வந்து 2013 பாரிஸ் கோப்பையை எடுத்தார். 2016-ல் பாரிஸில் இரண்டு சுற்று ஜெயித்த பிறகு, மணிக்கட்டு காயத்தால் மூன்றாம் சுற்றுக்கு முன்பே விலகினார். அடுத்த வருடம் பத்தாவது கோப்பை.

அந்த 112 வெற்றிகளைப் பார்க்கிறவர்கள் இந்த இடைவெளிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். காயம் வந்த எத்தனையோ பருவங்களில் அவர் நிறுத்தினார், விலகினார், திரும்பி வந்தார். அவருக்கு மிகவும் பிடித்த போட்டியைக்கூட விட்டார்.

சரி, அந்த ஊசி? 2022-ல் பாதத்தின் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டுக்கொண்டு பாரிஸில் ஆடினார் என்பது உண்மை, அவரே சொன்னார். அப்போது அவருக்கு வயது 36. முழுமையாகக் குணமாகாத நோய் என்று தெரிந்து, பல வருடம் அதோடு வாழ்ந்து, தன்னோடு வந்த மருத்துவரின் மேற்பார்வையில், தன் ஆட்ட வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் ஒரு பெரியவர் எடுத்த முடிவு அது. இப்படியே தொடர்ந்து ஆட மாட்டேன் என்று கோப்பை வாங்கிய அன்றே சொல்லவும் செய்தார். 13 வயதுப் பிள்ளைக்கு மேட்சுக்கு முன்னால் வலி மாத்திரை கொடுப்பதற்கு இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. வலியை மறைத்துவிட்டு ஆடும் பிள்ளைக்கு, எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்வது கேட்காது.

வளரும் உடம்பில் இன்னொரு சிக்கல் உண்டு. எலும்பின் நுனிகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பால் ஆனது, முதிர்ந்த எலும்பைவிடப் பலவீனமானது. பெண் பிள்ளைகளுக்கு 11, 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும் உயரம் வேகமாகக் கூடும்போது எலும்பு முதலில் நீளும், தசையும் தசைநாணும் பின்னால்தான் வந்து சேரும். அந்தச் சமயத்தில் குதிகாலிலும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் இடத்திலும் தசைநாண் இழுத்து வலி வருவது சகஜம். சுமையைக் குறைத்தால் பெரும்பாலும் தானாகவே அடங்கும். எனக்கு அதிகம் கவலை தருவது இடுப்புக்கு மேலே வரும் முதுகு வலி. சர்வ் போடும்போது பிள்ளை முதுகைப் பின்னால் வளைத்து, பக்கவாட்டில் சாய்த்து, அப்படியே திருப்புகிறான். ஒரு நாளைக்கு நூறு முறைக்கு மேல் இதைச் செய்தால் முதுகெலும்பின் பின்பகுதியில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வரலாம். பின்னால் வளையும்போது வலி கூடுகிறது என்றால் "தசைப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எவ்வளவு ஆடலாம் என்று கேட்பார்கள். பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரே விளையாட்டில் பயிற்சி வேண்டாம் என்ற எளிய அளவை நான் சொல்வேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, வருடத்தில் ஒவ்வொரு மாதமாகப் பிரித்து மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகி இருத்தல், இது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி சொல்வது. அந்த மாதங்களில் நீச்சலோ கால்பந்தோ ஆடட்டும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை நாலரைக்கு எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்பும் வீட்டில் முதலில் குறைவது இதுதான்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று, கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு போகாதபோது மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றே போகும். "விளையாடுகிற பொண்ணுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அது எலும்பு பலவீனமாவதற்கான முன்னறிவிப்பு. மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் வலி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, மூட்டில் வீக்கம், நடையில் நொண்டல் இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த போட்டி வரை காத்திருக்காமல் அன்றே ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாருங்கள். வரும்போது கடந்த இரண்டு மாதத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி, எத்தனை மேட்ச், எப்போது புதுக் காலணி, எப்போது தளம் மாறியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்தத் தாளைத்தான் பார்ப்பேன்.