பற்று நிற்கும், பக்கம் உடையும்

தலைமுடி ஒன்று விழுந்து ஒட்டிக்கொண்டதுபோலத்தான் இருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் வருடிப் பார்த்தபோது லேசாகத் தட்டியது. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்ம் வந்து மாட்டும் அச்சுக்குச் சற்று மேலே, கம்பெனி வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டி இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு விரிசல். நண்பர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் பைக், அலுமினிய ஃபிரேம். "ஆர்கான் வெல்டிங்ல ஒரு பற்று வெச்சா முடிஞ்சுது" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பற்று வைக்க முடியும்தான். வைத்த பிறகு அந்த உலோகம் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

நம் சாலைகளில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு எஃகு ஃபிரேம். 1983இல் வந்த சுஸுகி ஆர்ஜி250 காமாவுக்குப் பிறகுதான் சாலையில் ஓட்டும் பைக்குகளில் அலுமினிய ஃபிரேம் பரவத் தொடங்கியது. எஃகைப்போல மூன்றில் ஒரு பங்கு எடைதான் என்பது அதன் பெரிய லாபம். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் மெல்லிய குழாய்களுக்குப் பதிலாக, எஞ்சினை இருபுறமும் அணைத்தபடி போகும் அகலமான பெட்டி வடிவச் சட்டங்களைப் பார்க்கிறோம்.

இன்னொரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எஃகில் ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே இருக்கும் அழுத்தத்தை எத்தனை கோடி தடவை கொடுத்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு வேகத்தடையும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு முடிவது பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில், போல்ட் துளையில், கூர்மையான மூலையில். ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு வைத்துவிட்டு, மீதியைக் கையாலேயே கிழித்துத் தருவாரே, விரிசலும் அப்படித்தான் வேலை செய்கிறது. விசை முழுவதும் அந்தக் கூர்முனையில் குவிகிறது.

ஆகவே முதல் வேலை அந்த முனையைக் கண்டுபிடிப்பது. பெயிண்டை உரித்து, சிவப்புச் சாயம் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். சாயம் விரிசலுக்குள் தானாக இறங்கிவிடும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், உள்ளே போன சிவப்பு மெல்லக் கசிந்து கோடாக மேலே வரும். கண்ணுக்குத் தெரிந்ததைவிட அந்தக் கோடு பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். முனையில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட்டால் கூர்மை போய் வட்டமாகிவிடும், விரிசல் மேலே ஓடாது. அப்புறம் விரிசலை அடிவரை கடைந்தெடுத்து ஒரு பள்ளமாக்க வேண்டும். மேலாகப் பூசி மூடிய விரிசல் உள்ளே உயிரோடுதான் இருக்கும்.

அலுமினியத்தை உருக்குவதில் ஒரு விசித்திரமான தடை இருக்கிறது. காற்று பட்ட கணமே அதன் மேல் ஒரு ஆக்சைடு தோல் படர்ந்துவிடும். உலோகம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தத் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோலை நீக்காமல் சூடாக்கினால் பாலாடைக்குக் கீழே பால் இருப்பதுபோல உள்ளே உலோகம் உருகிக் கிடக்கும், மேலே ஒட்டவே ஒட்டாது. இதற்காகத்தான் ஆர்கான் வெல்டிங்கில் அலுமினியத்துக்கு ஏசி மின்சாரம் வைக்கிறார்கள். மின்சாரம் ஒரு திசையில் பாயும்போது ஆக்சைடு உரிகிறது, மறுதிசையில் பாயும்போது உலோகம் ஆழமாக உருகுகிறது. விநாடிக்குப் பல தடவை இது மாறி மாறி நடக்க, சுற்றிலும் ஆர்கான் வாயு நின்று காற்று அண்டாமல் காக்கிறது.

கருப்புக் கண்ணாடி வழியே அதைப் பார்ப்பது ஒரு அனுபவம். முதலில் மங்கலான சாம்பல் நிறம். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் மேலிருந்த தோல் சட்டென்று விலகி, பாதரசத் துளிபோல ஒரு குளம் பளபளக்கும். அந்தக் கணத்தில்தான் பள்ளத்தை நிரப்ப உருகிச் சேரும் ஃபில்லர் கம்பியைத் தொட்டு எடுக்க வேண்டும். இரும்பு பழுத்துச் சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் சிவக்காமலேயே உருகி விழுந்துவிடும். எஃகைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், தொடக்கத்தில் எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் போதாது; முழுப் பகுதியும் சூடேறிய பிறகு அதே மின்சாரம் ஓட்டை போட்டுவிடும். வெல்டரின் கால் பெடலில் விளையாடிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

சுத்தத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை ஏராளமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும், உறையும்போது கிட்டத்தட்ட முழுவதையும் வெளியே தள்ளும். எண்ணெய்ப் பிசுக்கிலும் ஈரத்திலும் இருப்பது அந்த ஹைட்ரஜன்தான். வெளியேற நேரமில்லாத வாயு பற்றுக்குள் ஆப்பம்போலப் பொத்தல் பொத்தலாக நின்றுவிடும். அசிட்டோனால் துடைத்து, அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்ப்பது நல்லது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் தொடவே கூடாது. வெல்டிங் சூட்டில் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உருவாகும், உயிருக்கே ஆபத்து.

சரி, இவ்வளவும் கவனமாகச் செய்து, அடுக்கி வைத்த காசுகள்போல அழகான பற்று விழுந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தூய அலுமினியம் மென்மையானது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வில்ம் 1906இல் ஒன்றைக் கவனித்தார். செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, சில நாள் சும்மா வைத்தால் அது தானாகவே கடினமாகிறது. உள்ளே நுண்ணிய துகள்கள் உருவாகி, உலோகத்தின் அணு அடுக்குகள் நழுவாதபடி முட்டுக்கொடுக்கின்றன. ஃபிரேம்களில் பயன்படும் கலவைகளின் பலமும் இப்படி வந்ததுதான். உதாரணமாக 6061 என்ற எண்ணால் அழைக்கப்படும் அலுமினியக் கலவையை 530 டிகிரி அளவில் சூடாக்கி, நீரில் குளிர்வித்து, பிறகு 170 டிகிரி அளவில் பல மணி நேரம் பதப்படுத்துகிறார்கள். அந்த நிலைக்கு டி6 என்று பெயர். அப்போது ஏறத்தாழ 275 மெகாபாஸ்கல் அழுத்தம் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும்.

வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கலைத்துவிடுகிறது. பற்றின் இருபுறமும் சுமார் ஓர் அங்குல அகலத்துக்கு முட்டுக்கொடுத்த துகள்கள் பருத்தும் கரைந்தும் போக, பலம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் இருக்காது. பழைய பதத்தைத் திரும்பக் கொண்டுவர ஃபிரேம் முழுவதையும் உலையில் வைத்து மறுபடி நீரில் குளிர்விக்க வேண்டும், அதில் ஃபிரேம் கோணிக்கொள்ளும். துத்தநாகம் கலந்த 7005, 7020 போன்ற கலவைகள் பரவாயில்லை. சாதாரண அறை வெப்பத்திலேயே சில வாரங்களில் இழந்த பலத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். அதே குடும்பத்தில் 7075 என்றால் வெல்டிங்கே கூடாது, உறையும்போதே விரியும். ஆகவே எந்தக் கலவை என்று தெரியாமல் கம்பியைத் தொடுவது பெரிய ஆபத்து.

நல்ல பட்டறையில் விரிசலை மட்டும் அடைத்து விடமாட்டார்கள். மேலே ஒரு தகடு வைத்து, அதன் முனைகளை வைர வடிவில் கூராக்கி, பற்றுக் கோடு விசைக்குக் குறுக்கே ஓடாதபடி பார்த்துக்கொள்வார்கள். ஆறும்போது அலுமினியம் எஃகைவிட அதிகம் சுருங்குவதால், ஃபிரேமை அசையாமல் பிடிக்கும் ஜிக் என்ற சட்டத்தில் பூட்டி வைத்தே வேலை செய்வார்கள். இல்லாவிட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்காது. ஃபேரிங் எனும் வெளி உறையின் தாங்கி போன்ற சில்லறை இடங்களில் விரிசல் என்றால் தயங்காமல் பற்றவைக்கலாம். ஹேண்டில்பார் தண்டு சுழலும் தலைப்பகுதியில் விரிசல் என்றால் என் கருத்து ஒன்றுதான்: ஃபிரேமை மாற்றுங்கள். அது விட்டுப்போனால் ஓட்டுபவருக்குச் சுதாரிக்க நேரமே இருக்காது.

நண்பரின் பைக்கில் சாயம் வேறு கதை சொன்னது. சிவப்புக் கோடு வெல்டிங் ஓரத்தோடு நிற்காமல், வளைந்து அச்சு மாட்டும் வார்ப்புப் பகுதிக்குள் போயிருந்தது. வெல்டர் டார்ச்சை ஓரமாக வைத்துவிட்டார். "இதை நான் தொடமாட்டேன் தம்பி." நண்பர் வேறு ஃபிரேம் தேடினார். சேசிஸ் எண் மாறுவதால் ஆர்டிஓ அலுவலக வேலை தனியாக இழுத்தது.

பழைய ஃபிரேமிலிருந்து ஒரு துண்டை அறுத்து, வெல்டர் அதே விரிசலை எங்களுக்காகவே பற்றவைத்துக் காட்டினார். அவ்வளவு அழகான பற்றை நான் பார்த்ததில்லை. ஆறியதும் வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்தார். பற்று அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, தகடு முதலில் வளைந்தது, நான்காவது அடியில் அங்கேயே பிளந்தது.