பூச்சி மருந்து பாட்டிலில் உள்ள நிற முக்கோணம்: எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

பூச்சி மருந்து பாட்டில், பாக்கெட் எதை எடுத்தாலும் லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். ஒரு சதுரத்தை 45 டிகிரி சாய்த்து, குறுக்கே கோடு போட்டு இரண்டு முக்கோணமாகப் பிரித்திருப்பார்கள். மேல் பாதியில் எச்சரிக்கைச் சொல், கீழ்ப் பாதியில் நிறம். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன் கீழ் வந்த 1971-ஆம் ஆண்டு விதிகளில் 19-ஆம் விதி இதைக் கட்டாயமாக்குகிறது. லேபிள் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தை இது பிடித்திருக்க வேண்டும் என்று அளவு வரை அந்த விதி சொல்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் பிசானப் பருவ நெல்லில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தால் அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் மருந்துக்கடை வாசலில் கேட்கிற பேச்சு ஒன்றுதான்: "அண்ணாச்சி, நல்லா கேக்குற மருந்தாக் குடுங்க." சிவப்பு என்றால் நன்றாகக் கேட்கும், பச்சை என்றால் சும்மா தண்ணி என்று ஓர் எண்ணம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. அந்த நிறம் பூச்சிக்காகப் போட்டதல்ல, மருந்து அடிக்கிற ஆளுக்காகப் போட்டது. நெல்லில் இலைச்சுருட்டுக்கு மஞ்சள் முக்கோணம் உள்ள குளோர்பைரிபாஸ் 20 இ.சி. ஏக்கருக்கு 500 மில்லி. பச்சை முக்கோணம் உள்ள குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. 60 மில்லி போதும். புழுவுக்கு எது கெட்டி என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

நிறம் நான்கு. பிரிப்பது எல்.டி.50 என்ற ஓர் எண்ணை வைத்து. சோதனை விலங்குகளில் பாதி சாவதற்கு, அவற்றின் உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து போக வேண்டும் என்பதுதான் அந்த எண். எண் சிறியதாக இருந்தால் விஷம் அதிகம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சிவப்பு: வாய்வழி 1 முதல் 50 வரை, தோல்வழி 1 முதல் 200 வரை. மிகக் கொடிய நஞ்சு. மேல் பாதியில் மண்டையோடும் குறுக்கு எலும்பும், சிவப்பு எழுத்தில் 'பாய்சன்' என்ற சொல்லும் இருக்கும்.

மஞ்சள்: வாய்வழி 51 முதல் 500, தோல்வழி 201 முதல் 2000. கடும் நஞ்சு. 'பாய்சன்' என்ற சொல் சிவப்பில் இருக்கும், மண்டையோடு இருக்காது.

நீலம்: வாய்வழி 501 முதல் 5000, தோல்வழி 2001 முதல் 20,000. நடுத்தர நஞ்சு. 'டேஞ்சர்' என்று இருக்கும். மாலத்தியான் இந்த வகை.

பச்சை: வாய்வழி 5000-க்கு மேல், தோல்வழி 20,000-க்கு மேல். 'காஷன்' (கவனம்) என்று மட்டும் இருக்கும். மான்கோசெப் போன்ற பூஞ்சாண மருந்துகள் இதில் வரும்.

அதிகம் ஏமாற வைப்பது மஞ்சள்தான். மண்டையோடு இல்லையே, அப்படியானால் பெரிய விஷம் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இன்று கடையில் ஓடுகிற மருந்துகளில் குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், சைபர்மெத்ரின், களைக்கொல்லியான பாராகுவாட் எல்லாம் மஞ்சள். ஒரே நிறம் என்பதால் ஒரே மாதிரி ஆபத்து என்றும் ஆகாது. குளோர்பைரிபாஸ் நரம்பைத் தாக்கும், அதற்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து உண்டு. பாராகுவாட் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. வாழைத் தோப்பில் வெறுங்காலோடு களைக்கொல்லி அடிப்பவர்கள் மஞ்சளைப் பார்த்து அலட்சியமாக இருக்கக் கூடாது.

எண் 'கிலோவுக்கு' என்று இருப்பதையும் கவனியுங்கள். 60 கிலோ ஆளுக்கு ஓர் அளவு ஆபத்து என்றால், 12 கிலோ குழந்தைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே அதே ஆபத்து. பச்சை நிறம் பெரியவரை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் கொஞ்சம் ஆறுதல். திண்ணையில் வைக்கலாம் என்று அது சொல்லவில்லை.

இனி, நிறம் சொல்லாத விஷயங்கள். இந்த வகைப்பாட்டில் இருப்பது வாய்வழியும் தோல்வழியும் மட்டும்தான். மூச்சுவழி இல்லை. அதுவும் ஒரே தடவை உள்ளே போனால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. பத்து வருஷம் வாரா வாரம் அடிப்பவருக்கு என்ன ஆகும் என்பது இதில் வராது. மான்கோசெப் இங்கே பச்சை. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கான அனுமதியை 2020 டிசம்பரில் புதுப்பிக்க மறுத்தது. காரணம் உடனடி விஷம் அல்ல, நாளமில்லாச் சுரப்பிகளையும் இனப்பெருக்கத்தையும் பாதிக்கும் என்பது. பச்சைப் பாக்கெட்டை வெறும் கையால் வாளியில் கலக்கி விடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மீன், தேனீ, பறவை இவையும் நிறக் கணக்கில் இல்லை. சைபர்மெத்ரின் வகை மருந்துகள் மனிதனைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியவை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்திலோ பாளையங்கால்வாய்ப் பாசனத்திலோ வயலில் அடித்துவிட்டு அன்றே மடையைத் திறந்தால், தண்ணீர் கீழ் வயல் வழியாகக் குளத்துக்குத்தான் போகும். குளத்து மீன் குத்தகைக்காரருடன் வருகிற சண்டைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது. இமிடாகுளோபிரிட் தேனீக்கு ஆகாது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை பூத்திருக்கும்போது அதை அடிக்கக் கூடாது. குளோரான்ட்ரானிலிப்ரோல் பச்சைதான், பட்டுப்புழுவுக்கு எமன். பக்கத்தில் மல்பெரி இருந்தால் வேண்டாம். வாழைக்கு வைக்கிற குருணை மருந்தை மண்ணால் மூடாமல் விட்டால் மயிலும் மைனாவும் தானியம் என்று பொறுக்கும். இந்த எச்சரிக்கைகள் எல்லாம் உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டில்தான் இருக்கும்.

அந்தச் சீட்டும் விதிப்படி கட்டாயம்தான். எந்தப் பயிர், எந்தப் பூச்சி, எவ்வளவு அளவு, விஷம் ஏறினால் தெரிகிற அறிகுறி, முதலுதவி, முறிவு மருந்து, காலி பாட்டிலை என்ன செய்வது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலம், இந்தியோடு விற்கிற பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும். நம் ஊர்க் கடையில் வாங்கிய பெட்டியில் தமிழ் இல்லை என்றால் கேட்பது உங்கள் உரிமை. எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும் என்பது வேறு குறை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

லேபிளில் நிறத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது 'சி.ஐ.ஆர்.' என்று தொடங்கும் பதிவு எண். பரீதாபாத்தில் உள்ள மத்தியப் பதிவுக் குழு கொடுப்பது. "புழு, சாறு உறிஞ்சி எல்லாத்துக்கும் ஒரே மருந்து, பயோ, முக்கோணமே தேவையில்லை" என்று விற்கிற பாட்டிலில் இந்த எண் இருக்காது. பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி விற்றால் பதிவு வேண்டும், வேப்பெண்ணெய்ச் சரக்காக இருந்தாலும். முக்கோணம் இல்லை என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை என்றே பொருள்.

மருந்தின் பெயருக்குப் பின்னால் உள்ள எண்ணும் எழுத்தும் முக்கியம். '20 இ.சி.' என்றால் நூற்றில் 20 பங்கு மருந்து, எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்தது. கரைப்பான் இருப்பதால் இ.சி. மருந்து தோலில் சீக்கிரம் இறங்கும், தீயும் பிடிக்கும். பீடியோடு டேங்க் பக்கம் போகக் கூடாது. 'எஸ்.சி.' தண்ணீரில் மிதக்கும் நுண்துகள். 'டபிள்யூ.பி.' நனையும் தூள், கலக்கும்போது பறந்து மூக்கில் ஏறும். ஒரே மருந்து வேறு சதவீதத்தில், வேறு வடிவில் வந்தால் நிறமும் மாறலாம். போன வருஷம் வாங்கியது நீலம் என்று இந்த வருஷமும் நம்பிவிடக் கூடாது.

அளவில் நடக்கிற தப்பு பெரும்பாலும் மூடியால் வருகிறது. ஏக்கருக்கு 60 மில்லி, 200 லிட்டர் தண்ணீர் என்றால் 16 லிட்டர் டேங்குக்கு 4.8 மில்லி, அதாவது 5 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மூடி ஊற்றினால் பாட்டிலைப் பொறுத்து அதுபோல் இரண்டு, மூன்று மடங்கு போய்விடும். மருந்துக்கடையிலேயே அளவுக் குடுவை கேட்டு வாங்குங்கள். ஊசி போடும் சிரிஞ்சும் ஆகும், அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து அடிப்பதற்கு எந்த லேபிளும் நிறம் கொடுக்கவில்லை.

சிவப்பு முக்கோணத்தில் நம் பக்கத்து வாழை விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர் மோனோகுரோட்டோபாஸ். தண்டு துளைக்கும் வண்டுக்கு ஊசியாகப் போட்டுவந்தார்கள். காய்கறிக்கு அது முன்பே தடை. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். (தண்ணீரில் கரையும் திரவ மருந்து) முழுவதையும் 2023-ல் மத்திய அரசு தடை செய்தது. டைகோபால், டினோகேப், மெத்தோமில் மூன்றும் அதே ஆணையில் போயின. போரேட், டிரையசோபாஸ், டைக்குளோர்வாஸ் 2020 கடைசியோடு முடிந்தன. களஞ்சியத்தில் பழைய பாட்டில் கிடந்தால் தீர்த்துவிடலாம் என்று அடிக்காதீர்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டவும் வேண்டாம். மூடியோடு பூட்டி வைத்து, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

சட்டம் வந்த கதையை ஒரு வரியில் சொல்வதானால்: 1958-ல் பாரத்தியான் கலந்துபோன கோதுமை மாவைத் தின்று கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணைக் குழு அமைந்தது, பின்னால் சட்டம் வந்தது. உணவுப் பொருளோடும் தீவனத்தோடும் படும்படி பூச்சி மருந்தை ஏற்றவோ வைக்கவோ கூடாது என்று விதி இருப்பதை அந்தப் பின்னணியில் பாருங்கள். அரிசிப் பையும் மருந்துப் பாட்டிலும் ஒரே கட்டைப்பையில் பஸ்ஸில் வருவதைத்தான் அந்த விதி தடுக்கிறது. கடைக்காரரும் தனி அறையிலோ பூட்டிய அலமாரியிலோதான் வைக்க வேண்டும். பெரிய பாட்டிலைத் திறந்து சின்னப் பாட்டிலில் 'லூசாக' ஊற்றித் தருவது கூடவே கூடாது. லேபிள், சீட்டு, நிறம் மூன்றும் அந்த இடத்திலேயே தொலைந்துபோகும்.

அடிக்கும்போது விஷம் ஏறுவது பெரும்பாலும் தோல் வழியாகத்தான். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்து முதுகில் ஒழுகும், சட்டை நனைந்து மணிக்கணக்கில் உடம்போடு ஒட்டியிருக்கும். முகத்தில் கட்டுகிற துண்டும் அப்படியே: சாரலை உறிஞ்சி மூக்கோடு வைத்துக்கொள்ளும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதாமல், பழைய பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். கார் பருவ நெல்லில் இன்னொரு தொல்லை, ஆனி ஆடிக் காற்று. வள்ளியூர், ராதாபுரம் பக்கமும் செங்கோட்டைக் கணவாய்க்கு நேரேயும் வெயில் ஏற ஏறக் காற்று வலுக்கும். விடிகாலையிலேயே முடித்துவிடுவது நல்லது. காலி பாட்டிலை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி வயலில் அடியுங்கள். பிறகு உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்கிறது விதி. எண்ணெய் வாங்கவும் தண்ணீர் எடுக்கவும் அந்தக் கேன் ஆகாது.

அதிக வேர்வை, வாயில் நீர் ஊறுதல், கண் பாவை ஊசிமுனையாகச் சுருங்குதல், வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் இவை குளோர்பைரிபாஸ் வகை மருந்து ஏறியதன் அறிகுறி. உடனே துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இ.சி. கரைப்பான் வாந்தியோடு நுரையீரலில் இறங்கினால் நிலைமை மோசமாகும். 108-ஐக் கூப்பிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போகும்போது பாட்டிலையோ லேபிள் படத்தையோ கையில் கொண்டுபோங்கள். 'ஏதோ பூச்சி மருந்து' என்று சொன்னால் டாக்டருக்கு எந்த முறிவு மருந்து என்று தெரியாது. மருந்தின் பொதுப் பெயர் தெரிந்தால் நேரம் மிச்சம். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

லேபிள் சரியில்லை, நிறம் அழித்து ஒட்டியிருக்கிறது, காலாவதி தேதியைத் திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்குக் கடையில் நுழைந்து மாதிரி எடுக்க அதிகாரம் உண்டு. மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரையிடுவார்: ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. ஆய்வக அறிக்கை 30 நாளில் வர வேண்டும். கடையில் இருப்பில் உள்ள அதே பேட்ச்சிலிருந்துதான் மாதிரி எடுப்பார். ஆகவே வாங்கும்போதே மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் கொடுப்பது விதிப்படி கடைக்காரரின் கடமை. "அண்ணாச்சி, பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும்" என்றால், ஏறட்டும் என்று சொல்லிப் போடச் சொல்லுங்கள்.