குப்பென்று பற்றும் புகை

ஈரம் காயாத விறகை அடுப்பில் வைத்துவிட்டு ஊதிய அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். கண் எரியும், மூக்கில் நீர் வடியும், அடுப்பங்கரையே தெரியாத அளவுக்குப் புகை மண்டும். ஊதாங்குழலில் இன்னும் இரண்டு மூச்சு. திடீரென்று ‘குப்’பென்று தீ எழும்பும். அந்த நொடியிலேயே புகை மறைந்துவிடும்.

அத்தனை புகையும் எங்கே போனது? எங்கும் போகவில்லை. பானையின் அடியில் இப்போது மஞ்சளாக ஆடிக்கொண்டிருப்பது அதே புகைதான். சற்று முன்பு நம் கண்ணைக் கரித்தது எரியாத எரிபொருள். இப்போது அது எரிகிறது.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அடுப்பைப் பற்றிய மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும். எனக்கு இது விளங்க வெகுகாலம் ஆயிற்று. மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் இரும்பு அடுப்பு நிற்கிறது. விறகு, சிரட்டை, பருத்திமார், வறட்டி, கரி என்று எதைப் போட்டாலும் எரியும் என்று சொல்லி விற்றார்கள். உள்ளே எரிபொருள் கிடக்க ஒரு கம்பித் தட்டு, அதற்குக் கீழே சாம்பல் விழும் தட்டு. தட்டுக்குக் கீழே ஒரு காற்று வழி, மேலே இன்னொரு காற்று வழி. இரண்டுக்கும் திறந்து மூடத் தகடுகள். பின்பக்கத்திலிருந்து கூரைக்கு மேலே போகும் புகைபோக்கி. எதைப் போட்டாலும் எரியும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே விதமாக எரிக்க முடியாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

விறகு என்பது ஒரு பொருள்போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு எரிபொருள்கள் இருக்கின்றன. சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரமே சிதையத் தொடங்கி வாயுக்களையும் தார் ஆவியையும் வெளிவிடுகிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி வாயுவாகிவிடும். மிஞ்சுவது கரியும் சிறிது சாம்பலும். தீநாக்காக நாம் பார்ப்பது முழுவதும் அந்த வாயு எரிவதைத்தான். கரிக்கு அப்படி மஞ்சள் தீநாக்கு கிடையாது. அது கங்காகக் கனியும்.

இந்த இரண்டுக்கும் காற்று வேண்டும், ஆனால் வெவ்வேறு இடத்தில் வேண்டும். கரி தான் கிடக்கும் இடத்திலேயே எரிவதால் அதற்குக் காற்று கீழிருந்து, கங்குகளுக்கு ஊடாக வர வேண்டும். வாயு மேலே எழும்பிவிடுவதால் அதற்குக் காற்று மேலே, அது போகும் வழியில் கலக்க வேண்டும். அங்கே சூடும் போதிய அளவு இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு தானாகப் பற்றிக்கொள்ளவே 600 டிகிரிக்குச் சற்று மேல் தேவைப்படுகிறது. காற்று போதாவிட்டாலும் சூடு போதாவிட்டாலும் வாயு எரியாமல் புகையாகவே வெளியேறும். ‘நெருப்புக்குக் கீழேயும் மூச்சு வேண்டும், மேலேயும் மூச்சு வேண்டும், ஐயா’ என்று எங்கள் அப்பத்தா சொல்வார். விறகை வாய் நிறைய அடைத்து வைத்தால் வைது, இரண்டு கட்டைகளை வெளியே உருவிப் போடுவார். விறகுகளுக்கு நடுவே அவர் விட்டது காற்றுக்கான இடம்.

விறகு எரிக்கும்போது எங்கள் இரும்பு அடுப்பில் கம்பித் தட்டின்மேல் இரண்டு விரல்கடை சாம்பலை அப்படியே விட்டுவைக்கிறோம். தீ பற்றும்வரை இரண்டு வழிகளும் திறந்திருக்கும். பிடித்துக்கொண்டதும் கீழ்வழியைப் பெரும்பாலும் மூடிவிட்டு மேல்வழியால் தீயை நடத்துகிறோம். கீழ்க்காற்று அதிகமானால் விறகு வேகமாக வாயுவாகும். அத்தனை வாயுவுக்கும் மேலே காற்றும் இடமும் போதாமல் புகை கிளம்பும். சாம்பல் மெத்தை கீழ்க்காற்றைக் குறைப்பதோடு கங்கின் சூட்டையும் காத்துக்கொள்கிறது.

கரி எரிக்கும் நாளில் நேர்மாறு. சாம்பல் முழுவதையும் தட்டிவிட்டுக் கம்பிகளின் இடைவெளி தெரியும்படி சுத்தம் செய்து, கீழ்வழியைத் திறக்க வேண்டும். சாம்பலை அப்படியே விட்டுவிட்டுக் கரியைப் போட்டால் அது கனியாமல் மங்கிக் கிடக்கும். ‘நீறு பூத்த நெருப்பு’ என்கிறோமே, அதன் பின்னாலிருக்கும் அறிவியலும் இதுதான். கங்கின்மேல் படியும் சாம்பல் காற்றை மிகக் குறைவாக உள்ளே விடுகிறது; வெப்பத்தையும் மிகக் குறைவாக வெளியே விடுகிறது. அணையவும் முடியாமல், எரியவும் முடியாமல் நெருப்பு இரவு முழுவதும் காத்திருக்கும். தீப்பெட்டியை மிச்சம் பிடித்த காலத்தில் அப்பத்தா இரவில் கங்கைச் சாம்பலால் மூடி, விடியலில் கிளறித் தீ வளர்ப்பார். அதனால்தான், அடுப்பிலிருந்து வாரிய சாம்பலைக் குப்பைக்குழியிலோ சாக்கிலோ உடனே கொட்டக் கூடாது. இரும்பு வாளியில் போட்டு மூடி, கூரையையும் வைக்கோற்போரையும் விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். அதற்குள் ஒரு கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கக்கூடும்.

மதுரையைச் சுற்றி எரிபொருளுக்குக் குறைவில்லை. சீமைக் கருவேலம் ஒன்றே போதும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவிட்டது; அந்த அளவுக்குக் கண்மாய்களையும் தரிசுகளையும் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. நிலத்துக்கு அது செய்யும் கேட்டை நான் மறுக்கவில்லை. விறகாக மட்டும் அதைக் குறை சொல்ல முடியாது. அடர்ந்த மரம், நின்று எரியும், நல்ல கங்கு விழும். கரிமூட்டம் போடுபவர்கள் அதையே தேடுவதும் இதனால்தான். மூட்டத்தில் நடப்பது விறகின் இரண்டு எரிபொருள்களில் ஒன்றை வெளியேற்றி மற்றொன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் வேலை. கிலோவுக்கு ஏறத்தாழ 18 மெகாஜூல் வெப்பம் தரும் காய்ந்த விறகு, கிலோவுக்கு 28 மெகாஜூலுக்கு மேல் தரும் கரியாகிறது. ஆனால் வாயுவாகப் போன முக்கால் பங்கின் வெப்பம் வானத்துக்குப் போய்விடுகிறது.

கரிசல் காட்டுப் பருத்திமார் மெலிது. சடசடவென்று பற்றி அடங்கிவிடும். தீ மூட்டவும் அவசரத்துக்குக் காப்பி போடவும் அது போதும். சிரட்டையில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதி, சாம்பல் மிகக் குறைவு. தீ கொழுந்துவிட்டு எரியும் என்பதால் ஒன்றிரண்டாகத்தான் போட வேண்டும். வறட்டி மெதுவாக, ஒரே சீராக எரியும், பால் காய்ச்ச ஏற்றது. ஆனால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சாம்பலாக நிற்கும். வறட்டி எரித்த நாளில் சாம்பல் தட்டை இரண்டு முறை காலி செய்யாவிட்டால் சாம்பல் மேலேறிக் கம்பியைத் தொட்டுவிடும். கீழிருந்து வரும் காற்றுதான் கம்பித் தட்டைக் குளிர்விக்கிறது. சாம்பல் அந்தக் காற்றை அடைத்துவிட்டால் கம்பிகள் பழுத்து வளைந்துவிடும். எங்கள் முதல் கம்பித் தட்டு அப்படித்தான் போயிற்று.

எந்த அடுப்பிலும் போடக் கூடாதவை பிளாஸ்டிக் பை, பிவிசி குழாய், பெயின்ட் அடித்த மரம், பிளைவுட். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது நுரையீரலையும் அரிக்கும், புகைபோக்கித் தகட்டையும் அரிக்கும்.

இனி ஈரம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க எவ்வளவு வெப்பம் ஆகிறதோ, கொதித்த அந்த நீர் முழுவதையும் ஆவியாக்க அதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு கிலோ விறகில் எரியக்கூடியது அரைக் கிலோதான். அது தரும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு, உடனிருக்கும் அரை லிட்டர் நீரை விரட்டவே போய்விடும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்த நீராவி அடுப்பின் வயிற்றைக் குளிர்வித்துவிடுவதால் வாயு பற்றும் சூடு எட்டுவதே இல்லை. ஈர விறகு நம் கண்ணை எரிப்பது இதனால்தான்.

மரத்திலிருந்து நீர் பட்டை வழியாக எளிதில் வெளியேறாது. வெட்டிய முனைகளிலும் பிளந்த முகங்களிலும்தான் வெளியேறும். உருட்டுக்கட்டையாக ஒரு வருடம் போட்டு வைத்தாலும் நடு காயாதிருப்பதும், பிளந்து அடுக்கினால் ஒரு கோடையிலேயே காய்ந்துவிடுவதும் இதனால்தான். நம் பக்கத்தில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். தை, மாசியில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கற்களின்மேல் அடுக்கி, சித்திரை வெயிலைக் காட்டிவிட்டால் புரட்டாசிக்குள் கூரைக்கடியில் சேர்த்துவிடலாம். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்த விறகு கணீரென்னும், ஈர விறகு தொப்பென்னும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டைத் தராசில் நிறுத்து, வெயிலில் வைத்து, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் வெயில் தன் வேலையை முடித்துவிட்டது.

புகைபோக்கியைப் புகை வெளியேறும் குழாய் என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில் அடுப்புக்குள் காற்றை இழுத்து வரும் இயந்திரம் அது. ஊதாங்குழலின் வேலையைச் செய்கிறது. உள்ளே சூடான காற்று எடை குறைந்து மேலேறுகிறது, அதன் இடத்தை நிரப்பக் கீழே புதிய காற்று புகுகிறது. மூன்று மீட்டர் உயரப் புகைபோக்கியில் உள்ளே 200 டிகிரியும் வெளியே 33 டிகிரியும் இருந்தால் கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 12 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரத்துக்குத் தண்ணீர் தரும் அழுத்தம், அவ்வளவுதான். அத்தனை மெல்லிய விசையை நம்பித்தான் அடுப்பே நடக்கிறது. குழாயில் ஒரு வளைவு, ஓர் ஒட்டடைக் கொத்து, ஒரு சிட்டுக்குருவிக் கூடு, எதுவும் அதைக் கெடுத்துவிடும்.

இந்த இழுவை உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. சித்திரை மதியத்தில் வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது, இரவுக் குளிர்ச்சியை இன்னும் வைத்திருக்கும் செங்கல் புகைபோக்கிக்குள் காற்று வெளியைவிடக் குளிர்ந்திருக்கும். அப்போது அது மேலேறாமல் கீழிறங்கும். தீ மூட்டியதும் புகை முகத்தில் அடிக்கும். அடுப்பில் கோளாறு என்று நினைத்து நான் அதைப் பிரித்துப் பார்த்ததுண்டு. முதலில் ஒரு காய்ந்த பாளையை மட்டும் கொளுத்திப் புகைபோக்கியின் வாயருகே பிடித்துக் குழாயைச் சூடாக்கிவிட்டு, பிறகு விறகைப் பற்றவைத்தால் போதும்.

புகைபோக்கி அளவுக்கு மேல் இழுத்தாலும் நட்டம்தான். சூடு பானையைத் தொடாமல் வானத்துக்குப் போகும். நம்முடைய பழைய கொடியடுப்பு இதற்கு அழகான விடை. முதல் அடுப்பில் மிஞ்சிய சூடு சுரங்கவழியாகப் பக்கத்து அடுப்புக்குப் போய் அங்கே குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருக்கும். ஆனால் போகும் புகையிலிருந்து சூட்டை முழுவதுமாகப் பிழிந்துவிடவும் முடியாது. குழாயின் உட்சுவர் 120 டிகிரி அளவுக்குக் கீழே இறங்கினால் தார் ஆவி அதன்மேல் படிந்து, காய்ந்து, பிறகு சூடேறும்போது பளபளப்பான கருப்புப் பூச்சாக இறுகும். அது எரியக்கூடிய பொருள். ஒரு நாள் நல்ல தீயில் அதுவே பற்றிக்கொண்டால், புகைபோக்கிக்குள் பேரிரைச்சலோடு எரியும். ஓலைக்கூரை வீட்டில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. படிவு மூன்று மில்லிமீட்டர் கனத்தைத் தாண்ட விடக் கூடாது. கீழ்வழி, மேல்வழி இரண்டையும் மூடி இரவு முழுக்கப் புகையவிடும் பழக்கம் இந்தத் தாரை வளர்க்கும்.

இதைவிட அஞ்ச வேண்டியது ஒன்று இருக்கிறது. கரியின்மேல் ஆடும் மெல்லிய நீலச் சுடர் கார்பன் மோனாக்சைடு எரிவதால் வருவது. ஆழமாகக் குவித்த கரியில் கீழே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலுள்ள சூடான கரி வழியே ஏறும்போது மோனாக்சைடாக மாறுகிறது. மேலே காற்றும் சூடும் இருந்தால் அது எரியும். இல்லாவிட்டால் எரியாமலே வெளியே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். புகையே வராத கங்கு என்று நம்பி, மழைநாளில் துணி காயவைக்கவும், குழந்தைக்குச் சாம்பிராணி போடவும் கதவடைத்த அறைக்குள் கரித்தட்டைக் கொண்டுபோகிறோம். தயவுசெய்து கதவையும் சன்னலையும் திறந்துவையுங்கள். வேலை முடிந்ததும் கங்கை அங்கே விட்டுவைக்காமல் வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இதைத் தடுக்க நல்ல அடுப்பு வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. எங்கள் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா, அதற்கு முன்பு வார்தாவின் மகன்வாடியில் கிராமத் தொழில்களை வளர்த்தவர். புகைபோக்கி வைத்த ‘மகன் சூலா’ அடுப்பு அந்த மகன்வாடியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1980-களில் இந்திய அரசும் மேம்பட்ட அடுப்புகளை நாடெங்கும் பரப்பியது. பின்னர் ஒடிசாவில் பொருளியலாளர்கள் ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் புகைபோக்கி அடுப்பு பெற்ற குடும்பங்களை நான்கு ஆண்டுகள்வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் மக்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன்பின் அந்தப் பலன் தேய்ந்துபோயிற்று. அடுப்புகள் உடைந்தன, பழுது பார்க்கப்படவில்லை, பயன்படுத்துவதும் குறைந்தது.

நாள் முழுவதும் வேலை செய்து களைத்த பெண்ணின் தலையிலேயே அடுப்பைச் சுத்தம் செய்வதையும் வைத்துவிட்டு, அடுப்பு உழைக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. எங்கள் வீட்டில் அதை ஆண்கள் ஏற்றுக்கொண்டோம். அன்றாடம் சாம்பல் தட்டைக் காலி செய்வது ஐந்து நிமிட வேலை. வாரம் ஒருமுறை, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, கம்பித் தட்டைத் தூக்கி இடைவெளிகளில் சிக்கிய கட்டிச் சாம்பலைத் தட்டி எடுக்கிறேன். மாதம் ஒருமுறை கதவின் விளிம்பையும் குழாய் மூட்டுகளையும் எரியும் ஊதுபத்தியால் சோதிக்கிறேன். ஊதுபத்திப் புகை உள்ளே இழுபடும் இடம் விரிசல். நாம் திறக்காத வழியில் காற்று புகுந்தால் தகடுகளைத் திருப்பி எந்தப் பயனும் இல்லை. களிமண்ணோடு உமியைக் குழைத்துப் பூசி அடைத்துவிடலாம். வெறும் களிமண் காயும்போது சுருங்கி மறுபடி வெடிக்கும். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்க மட்டும் யாரையும் விடுவதில்லை. வார்ப்பிரும்பும் மண்ணும் அந்த அதிர்ச்சியில் வெடித்துவிடும்.

புகைபோக்கிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும். மேலிருந்து கயிற்றில் ஒரு கல்லும், கல்லைச் சுற்றித் தேங்காய்நார்க் கட்டும். கீழே அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடிவிட்டு மேலும் கீழும் பத்து முறை இழுத்தால் போதும். கீழே விழுவதைக் கொட்டிவிடுவதற்கு முன் ஒரு சொளகில் பரப்பிப் பார்ப்பேன், அந்த ஆண்டு எப்படி எரித்தோம் என்பது அதில் இருக்கும். போன ஆண்டு ஐப்பசியில் விறகு நனைந்துவிட்டது. கண்ணாடிபோல் மின்னும் கருந்தார்ச் சில்லுகள் சொளகு நிறைய இறங்கின. இந்த ஆண்டு விழுந்தது விரலில் எடுத்தால் பொடிந்துபோகும் பழுப்புத் தூள், இரண்டு கை கூட இல்லை.